அடைக்கலமும் அமைதிக் கல்வியும்



காசிமேடு என்றதும் மீன்பிடித் துறைமுகமே எவர் நினைவுக்கும் வரும். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமணக் குடும்பத்தார் அவ்வழியே செல்ல நேர்ந்தால் விரைந்து கடப்பது இயல்பே. அக்காசிமேட்டை அடுத்த புதுவண்ணாரப்பேட்டையில் செரியன் நகர் என்றொரு குடியிருப்பு உண்டு. சென்னையின் முதல் பெண் மேயராக விளங்கிய தாரா செரியனின் பெயர் தாங்கியது அது. 1950களின் பிற்பகுதியில், வீடற்ற ஏழைகளுக்காக அக்குடியிருப்பை உருவாக்கும் பணியில் கல்லூரி மாணவர்களை இறக்கியவர் பியேர் செராக் என்னும் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவி.

1914இல் பிறந்த செராக், 1937இல் தமிழகம் வந்தார். இங்கே தமிழும் வடமொழியும் முறையாகக் கற்றார். ஏட்டுப் புலமையோடு அவர் நின்றிருந்தால் வீரமாமுனிவர் மரபில் மற்றுமொரு தமிழறிஞரைப் பெற்றிருப்போம், அதுவும் நன்றே. ஆயின் 1952ஆம் ஆண்டளவில், கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர்களுக்கென 1924இல் தோன்றிய ‘ஐக்கஃப்’ என்னும் அனைத்திந்திய அமைப்பின் ஆன்மிக வழிகாட்டிப் பொறுப்பு அவரை வந்தடைந்தது. கல்லூரி வளாகத்தில் வழிபாடு நடத்துவதும் அறிவுரை கூறுவதுமே அப்பொறுப்பின் எல்லை என்று அவர் கருதவில்லை. விடுமுறைதோறும் மாணவர்களை உழைப்பு முகாம்களுக்கு அழைத்துச் சென்றார். எழுதுகோல் பிடித்த கைகள் மண்வெட்டி பிடித்தன. ஏழ்மையைப் பற்றிச் சொற்பொழிவு கேட்பது வேறு, ஏழையோடு நின்று மண் சுமப்பது வேறு அன்றோ?

அமைதிக் கல்வி இன்று பல்கலைக்கழகங்களில் தனித்துறையாக வளர்ந்துள்ளது. நார்வே நாட்டு அறிஞர் யோகான் கால்டுங், 1969இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஆயுதத்தால் நிகழும் வன்முறையோடு சமுதாய அமைப்பினால் நிகழும் வன்முறையையும் சேர்த்தெண்ண வேண்டும் என வாதிட்டார். எவரும் அடிக்காமலேயே பசியாலும் உறைவிடம் இன்மையாலும் மனிதர் அழிவது பின்னதன்பாற்படும். அக்கட்டுரை வெளிவருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே வடசென்னையில் அதற்கான செய்முறைப் பாடம் நடந்துவிட்டது.

சமணர்க்கு இக்கருத்து புதிதன்று. அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் அபயதானம் அடைக்கலம் அளிப்பது. ‘அஞ்சினான் புகலிடம்’ என்ற தொடர் தமிழகக் கல்வெட்டில் இடம்பெற்றிருப்பதை மயிலை சீனி. வேங்கடசாமி ‘சமணமும் தமிழும்’ நூலில் எடுத்துக்காட்டி, அதனை இத்தானத்தோடு இணைத்து விளக்குகிறார். அப்பெயரைச் சற்றே கூர்ந்து நோக்குதல் வேண்டும். ‘நல்லான் புகலிடம்’ என்றோ ‘நம்மவன் புகலிடம்’ என்றோ முன்னோர் பெயரிடவில்லை. வருபவன் அஞ்சியவன் என்பதொன்றே தகுதி. அவன் குலமும் தொழிலும் அப்பெயரில் இல்லை.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். வலை வீசிப் பிழைப்பவனுக்கு உதவுவது கொலைக்குத் துணைபோவது ஆகாதா? எளிதில் ஒதுக்கத்தக்க வினா அன்று இது. வலைக்கும் படகுக்கும் பொருள் தருவதை அணுவிரதம் பூண்ட இல்லறத்தார் தவிர்க்கலாம், தவிர்க்கவும் வேண்டும். ஆயின் அவன் வீட்டுக் குழந்தையின் பள்ளிக் கட்டணத்திலும், அவன் தாயின் மருந்திலும் கொலை எங்கே உள்ளது? அவை சாத்திர தானமும் ஔடத தானமும் ஆகும். விரதத்தின் பெயரால் தானத்தைச் சுருக்கிக்கொள்வது சிக்கனமாக இருக்கலாம். அதனை அகிம்சை என்று அழைப்பது பொருந்தாது.

செராக் பின்னர் மானாமதுரை வட்டாரத்து உழவர்களுக்காகக் கிணறுகள் வெட்டும் பணியில் ஈடுபட்டார். 1980இல், தம் 66ஆம் வயதில், கம்போடியாவிலிருந்து உயிர் தப்பி வந்தோர் நிறைந்த தாய்லாந்து எல்லை முகாம்களுக்குச் சென்றார். அங்கிருந்தோர் பெரும்பாலும் பௌத்தர். கிறித்தவத் துறவியான அவர், அவர்களிடையே பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தங்கிப் பணிபுரிந்தார். மீண்டும் சென்னைக்கே திரும்பி, ஏழைக் குழந்தைகளின் நலனுக்காக உழைத்து, 2012ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், 98ஆம் வயதில் இந்நகரிலேயே மறைந்தார்.