மாத்திரை கவசம் ஆகாது

(ஜும்ஆ தொழுகைக்குப் பின் நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





சென்ற மாதம் சகோதரர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “டாக்டர், சிகரெட்டை விட முடியவில்லை. அதனால் தினமும் வைட்டமின் மாத்திரை போடுகிறேன். நுரையீரல் தப்பித்துவிடும்தானே?” இந்தக் கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கலாம். எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நறுக்கி வைத்த ஆப்பிள் சற்று நேரத்தில் பழுப்பாகிவிடும். எலுமிச்சைச் சாறு தடவினால் அவ்வளவு சீக்கிரம் நிறம் மாறாது. நம் உடலுக்குள்ளும் ஏறக்குறைய இப்படித்தான். உணவு சக்தியாக மாறும்போது ‘ஃப்ரீ ராடிக்கல்’ என்னும் பொருள்கள் உண்டாகின்றன. அளவோடு இருந்தால் உடலே சமாளித்துக்கொள்ளும். பீடி, சிகரெட் புகையும், கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயும் அவற்றைப் பெருக்கிவிடும். அப்போது நுரையீரல், இதயம், இரத்தக் குழாய், சிறுநீரகம் ஆகியவை சிறுகச் சிறுகச் சேதமடையும். அந்தச் சேதத்தைத் தடுக்க உதவுபவைதான் வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் போன்றவை.

அப்படியானால் அவற்றை மாத்திரையாக விழுங்கினால் போதாதா? ஆய்வாளர்களும் அப்படித்தான் நம்பினார்கள். பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் சோதித்தார்கள். 1994இல் முடிவு வெளியானது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது! வைட்டமின் ஈ மாத்திரையும் நுரையீரலைக் காக்கவில்லை. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினுடன் வைட்டமின் ஏ சேர்த்துக் கொடுத்த சோதனையிலும் தீங்கே தெரிந்தது. 1996இல் அதைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

எனவே அந்தச் சகோதரருக்கு என் பதில் இதுதான்: புகையை விடாமல் போடும் மாத்திரை கவசம் ஆகாது, சில சமயம் கேடாகவும் முடியும். ரமலானில் பகல் முழுவதும் அல்லாஹ்வுக்காகப் புகைக்காமல் இருக்கிறீர்களே! அந்த உறுதியை நோன்பு திறந்த பிறகும் தொடருங்கள். உதவி வேண்டுமானால் 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணுக்குப் பேசுங்கள்.

வைட்டமின்களை உணவிலிருந்தே பெறலாம். ஒரு கொய்யாப்பழம் ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தந்துவிடும். நெல்லிக்காயிலும் அது நிறைய உண்டு. முருங்கைக்கீரை, கேரட், பப்பாளியில் பீட்டா கரோட்டின் இருக்கிறது. வேர்க்கடலையில் வைட்டமின் ஈ கிடைக்கும். உணவில் உள்ள அளவு, அந்தச் சோதனை மாத்திரைகளைப்போல் ஆபத்தானதல்ல.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். கீரையைக் கழுவிய பிறகு நறுக்குங்கள். நீண்ட நேரம் வேகவைக்காதீர்கள். வடை, சமோசா பொரித்த எண்ணெயை மறுநாளும் காய்ச்சாதீர்கள். சிறுநீரக நோயாளிகள் கீரை, பழங்களின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் வைட்டமின் ஈ மாத்திரையைத் தாமாக வாங்கிச் சாப்பிட்டால் இரத்தக் கசிவு ஏற்படலாம். அதேபோல், மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இந்த உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணி நடக்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும் அவன் தந்தருள்வானாக! ஆமீன்.