மழை இல்லாத வாரத்தில் ஏறிய தண்ணீர்

(மாணவர் ஆய்வறிக்கைகளுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்காக மதுரையில் நடந்த பயிற்சியில் ஆற்றிய உரை)



தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு மாணவர்களை அழைத்துப் போனவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தம் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆராய்ந்து, அறிக்கை எழுதி, நடுவர்கள் முன் பேச வேண்டும். ஆராய்வதில் நம் பிள்ளைகள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. எழுத உட்காரும்போதுதான் அவர்கள் பார்த்தது காணாமல் போகிறது. அப்படிக் காணாமல் போக்கிய ஓர் ஆசிரியரின் கதையை முதலில் சொல்கிறேன். அந்த ஆசிரியர் நான்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் எட்டாம் வகுப்பு மாணவிகள் பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள கண்மாயை எடுத்துக்கொண்டார்கள். மடையருகே ஒரு மூங்கில் கழியை நட்டு, வாரம் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து நோட்டில் குறித்தார்கள். நான்காவது வாரம் மழையே இல்லை. ஆனால் தண்ணீர் ஏறியிருந்தது. ‘நுரை இருக்கு, சோப்பு வாசம் அடிக்குது’ என்று ஒருத்தி ஓரத்தில் எழுதி வைத்திருந்தாள்.

அந்த நோட்டை வாங்கி, ‘நல்ல தமிழில்’ ஒன்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன். திருக்குறளில் தொடக்கம். பிறகு பாண்டியர் காலத்துக் கண்மாய்கள், புவி வெப்பமயமாதல், நீரின் பெருமை. அளவுகளுக்கு அழகான அட்டவணை. நுரையை மட்டும் விட்டுவிட்டேன். தலைப்பு மழைநீர் சேகரிப்பு, அதற்கு நுரை எதற்கு என்று நினைத்தேன்.

நடுவர் கேட்டார்: “இதில் நீங்களாகக் கண்டுபிடித்தது என்னம்மா?” பிள்ளைகள் அறிக்கையை முன்னும் பின்னும் புரட்டினார்கள். கடைசியில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: “மழை இல்லாதப்பவும் தண்ணி ஏறுச்சு சார். புதுசா கட்டுன வீடுகள்ல இருந்து சாக்கடை வருதோன்னு நினைச்சோம். அத டீச்சர் வேணாம்னு எடுத்துட்டாங்க.”

அன்று பேருந்தில் திரும்பும்போது அவள் பக்கத்தில் உட்கார எனக்குத் துணிவு வரவில்லை.

நன்னூல் நம் எல்லாருக்கும் தெரியும். ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பவணந்தியார் சொல்கிறார். மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல் இரண்டையும் வகுப்பில் எத்தனை முறை நடத்தியிருப்பேன்! என் ஒன்பது பக்கத்தில் இரண்டும் இருந்தன. குன்றக் கூறலும் இருந்தது, நுரை இல்லையே. சுருங்கச் சொல்லலையும் விளங்க வைத்தலையும் அவர் அடுத்தடுத்து வைத்திருப்பதை இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன். பக்கத்தைக் குறைப்பது சுலபம். எதை விடக்கூடாது என்று தெரிவதுதான் கடினம்.

நம் சொற்றொடர்களையும் கொஞ்சம் பாருங்கள். ‘மேற்கொள்ளப்பட்ட அளவீடுகளின் வாயிலாக நீர்மட்டம் உயர்ந்துள்ளது கண்டறியப்பட்டுள்ளது.’ யார் அளந்தார்கள்? எங்கே? எவ்வளவு? ஒன்றும் தெரியவில்லை. ‘மடையருகே வாரம் ஒருமுறை அளந்தோம். மழை இல்லாத நான்காம் வாரத்தில் நீர்மட்டம் உயர்ந்தது’ என்று பிள்ளை எழுதினால், எத்தனை செ.மீ. என்ற கேள்வி உடனே வரும். நோட்டைத் திறந்து அந்த எண்ணையும் சேர்த்துவிடுவாள். இதைக் கொச்சை என்று சிவப்பு மையால் அடிக்காதீர்கள்.

இங்கிருந்து கீழடி கூப்பிடு தூரம். நம்மில் பலர் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருப்போம். திரும்பி வந்து ‘கீழடி உலகிலேயே பழமையான நாகரிகம்’ என்று எழுதுகிறார்கள். நாமும் பெருமையோடு ‘நன்று’ போடுகிறோம். மாநிலத் தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கை சொல்வது வேறு: 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது. எவ்வளவு ஆழம், என்ன பொருள், எந்தக் காலம் என மூன்றும் இருக்கின்றன. இந்த ஒரு வரியால் ஊர்ப்பெருமை குறைந்துவிட்டதா? யாராவது மறுக்க வந்தால் கையில் எடுத்து நீட்டக்கூடியது இந்த வரிதான்.

மறு ஆண்டு வேறு பிள்ளைகள், அதே கண்மாய். இம்முறை நான் பேனாவைத் தொடவில்லை. எழுதியதை அவர்களே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். சின்னப் பிள்ளைகள் முழித்த இடத்தில் எல்லாம் கோடு போட்டு, திருத்தி எழுதினார்கள். தலைப்பே கேள்வியாக மாறியது: ‘மழை இல்லாத நாளில் எங்கள் கண்மாயில் தண்ணீர் ஏறுவது ஏன்?’ நான்கு பக்கம். எழுத்துப் பிழை இரண்டு மூன்று இருந்திருக்கும். ‘சாக்கடைதான் என்று நினைக்கிறோம், தண்ணீரைச் சோதித்துப் பார்க்கவில்லை’ என்று முடித்திருந்தார்கள். அந்தக் கடைசி வரியை நான் எழுதியிருந்தால் கட்டாயம் மறைத்திருப்பேன்.

நீங்கள் கொண்டுவந்திருக்கும் மாணவர் அறிக்கைகளை இப்போது வெளியே எடுங்கள். பென்சில் போதும். பிள்ளை தன் கண்ணால் பார்த்த வரிகளின் கீழ் மட்டும் கோடு போடுங்கள். பத்து நிமிடம் கழித்துப் பேசுவோம்.