வரம்பில் நின்ற கால்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



அச்சம் எதிலிருந்து பிறக்கிறது? அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவர் என நான்கைச் சொல்கிறது தொல்காப்பியம். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பது அறிவீனம் என்பது வள்ளுவர் முடிவு. அப்படியானால், அஞ்ச வேண்டியது நீங்கிய பின்னரும் நீங்காத அச்சத்தை என்னவென்பது? அதைத்தான் மருத்துவர்கள் 'போபியா' என்கிறார்கள்.

எனது ஊர் அடம்பன். மன்னார்ப் பெருநிலப்பரப்பில், கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி நெல் விளையும் பூமி. 2008இல் போர் எங்களைத் துரத்தியது. போர் ஓய்ந்து, மிதிவெடிகள் அகற்றப்பட்ட பின்னர் திரும்பி வந்தோம். நிலம் துப்புரவாகிவிட்டது என்றார்கள். என் கால்கள் நம்பவில்லை. வீதியை விட்டு வயலுக்குள் இறங்க முனைந்தால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வீதியோரமாகவே வாழப் பழகினேன்.

வெடி இருந்த நாளில் அந்த அச்சம் என்னைக் காத்த தோழன். வெடி போன பின் அதுவே என்னைக் கட்டிய கயிறு.

வருடங்கள் சென்றன. ஊர் திரும்பிய பின் பிறந்த என் மகளின் பட்டம் ஒரு நாள் அறுந்து எங்கள் வயலில் விழுந்தது. எடுக்கப் போகாமல் வரம்பில் நின்று அழுதாள். அவள் மிதிவெடியைக் கண்டதில்லை. கண்டது என் முகத்தை மட்டுமே. அச்சத்தையும் நாம் பிள்ளைகளுக்கு முதுசமாகக் கொடுத்துவிடுகிறோம் என்பது அன்று உறைத்தது.

விலகி ஓடும்போது நெஞ்சு ஆறுகிறதல்லவா? அந்த ஆறுதல்தான் அச்சத்துக்கு உரம். 'ஓடியதால் பிழைத்தாய்' என்று மனம் கற்றுக்கொள்கிறது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, முயலுக்கு அஞ்சிய சிறுவன் ஒருவனுக்கு விருப்பமான தின்பண்டம் கொடுத்து, அவன் உண்ணும் வேளையில் முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். ஈற்றில் அவன் அதைத் தடவி விளையாடினான். இன்றைய சிகிச்சையின் வேரும் இதுவே: படிப்படியாக நெருங்குதல்.

என் பெரியப்பா இதையெல்லாம் படித்தவரல்லர். "தம்பி, வெடி எடுத்தவங்கள் ஒரே நாளிலயா எடுத்தவங்கள்? அடி அடியாத்தானே போனவங்கள். நீயும் அப்பிடிப் போ" என்றார்.

முதல் நாள் வரம்பில் நின்றேன். படபடப்பு ஏறியது, ஓடவில்லை. அது தானாக இறங்கும்வரை நின்றேன். அதுதான் சூட்சுமம். மறுநாளும் அங்கேயே. நெஞ்சு பழகிய பின்னரே வயலுக்குள் ஓரடி, பிறகு ஈரடி. சில நாட்கள் பின்வாங்கியதும் உண்டு.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இடம் பாதுகாப்பானது என்று உறுதியாகத் தெரிந்த பின்னரே இவ்வாறு இறங்கலாம். எச்சரிக்கைப் பலகை நிற்குமிடத்தில் அச்சமே அறிவு. போர்க் காட்சிகள் கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப வந்து வருத்துவோரின் காயம் வேறு. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்ற நூலில் எழுதியது அத்தகைய காயங்களைப் பற்றியே. அவர்கள் தயங்காமல் மருத்துவரை நாட வேண்டும்.

சென்ற காலபோகத்தில் என் வயலை நானே விதைத்தேன். நெஞ்சு இன்னமும் சில வேளை படபடக்கும், கால்கள் நிற்பதில்லை. மகள் எனக்கு முன்னே ஓடுகிறாள்.