கிணற்றுக்கும் குழிக்கும் இடையே ஐம்பது அடி

(வலிகாமத்துச் சனசமூக நிலையம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மேடைக்கு ஏற்றதன்று என நண்பர் ஒருவர் முன்கூட்டியே எச்சரித்தார். மொழியைப் பற்றிப் பேசலாம், காணியைப் பற்றிப் பேசலாம். மலகூடத்தையும் சாக்கடையையும் பற்றி நாலு பெரியவர்கள் கூடிய அவையிலே பேசுவதா என்று கேட்டார். இதுவரை பேசாமல் இருந்ததன் பயனைத்தானே நாள்தோறும் கிணற்றிலிருந்து அள்ளிக் குடிக்கிறோம் என்று அவருக்கு விடை கூறிவிட்டு வந்திருக்கிறோம்.

வீடு கட்டும் ஒருவன் தன் வீட்டுக் கழிவுநீரை எங்கே விடுவது? இந்தக் கேள்விக்கு உலகின் பெரும்பாலான நகரங்களில் சட்டம் ஒரு விடை வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் 1936 ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், கட்டடத்திலிருந்து நூறு அடிக்குள் பொதுக் கழிவுநீர்க் குழாய் இருந்தால் அதனோடு இணைக்கும்படி கட்டளையிடும் அதிகாரத்தை ஊராட்சிக்குக் கொடுத்தது. எம்மை ஆண்டவர்கள் அதே மரபையே இங்கும் விட்டுச் சென்றார்கள். 1862 இல் தொல்லைகள் பற்றிய கட்டளைச் சட்டம், 1915 இல் வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், 1947 இல் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், பின்னர் 1987 இல் பிரதேச சபைகள் சட்டம் என்று ஏட்டுக்குக் குறைவில்லை. பொது வடிகால்கள் சபையின் உடைமை; சபையின் சம்மதமின்றி அவற்றுக்குள் எவரும் தம் வீட்டு வாய்க்காலைத் திறந்துவிடக் கூடாது; அவற்றின் மேல் கட்டடம் எழுப்பக் கூடாது; வளவின் கழிவை ஒழுங்காக அகற்ற வழிசெய்யுமாறு உரிமையாளருக்கு அறிவித்தல் கொடுக்கலாம். இவையெல்லாம் எழுதப்பட்ட விதிகள்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் இணைப்பதற்குப் பொதுக் கழிவுநீர்க் குழாய் எங்கே இருக்கிறது? கொழும்பிலே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிலத்தின் கீழ் குழாய் பதித்தார்கள். யாழ்ப்பாணம் 1949 இல் மாநகர சபையாயிற்று. அன்றிலிருந்து முக்கால் நூற்றாண்டு கடந்தும் நகரத்துக்கென ஒரு கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லை. உள்ளவை மழைவெள்ளம் ஓடுவதற்கென வெட்டிய வடிகால்களும், வளவுக்கு வளவு தோண்டிய குழிகளுமே.

குழி தோண்டினால் என்ன, எங்கும் தோண்டுகிறார்கள்தானே என்று கேட்கலாம். எங்கும் தோண்டலாம், இங்கே தோண்டுவதுதான் ஆபத்து. எமது குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கும் மெல்லிய மண் போர்வை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எமக்கில்லை. வழுக்கையாறுகூட மாரியில் மட்டுமே ஆறு. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கித் தங்குகிறது. கனமான உப்புநீரின் மேல் மிதக்கும் அந்த நன்னீர்ப் படலமே எமது சொத்து. நிலாவரையை எட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மணல் நிலத்தில் நீர் மெல்ல ஊறிச் செல்லும். செல்லும் வழியில் மண் அதை வடிகட்டும். கல் வெடிப்பிலே நீர் ஊறுவதில்லை, ஓடுகிறது. குழியிலிருந்து இறங்கியது எந்தக் கிணற்றில் எத்தனை நாளில் ஏறும் என்பதை வெளியே நின்று பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

இந்த நிலத்தில்தான் "கிணற்றுக்கும் குழிக்கும் இடையே ஐம்பது அடி" என்ற கணக்கை மேசனும் சொல்கிறார், வீட்டுக்காரரும் சொல்கிறார். அந்தக் கணக்கைச் சற்று அளந்து பார்ப்போம். ஒரு பரப்புக் காணி பத்துப் பேர்ச். ஏறக்குறைய 2,720 சதுர அடி. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடி. அதற்குள் வீடு, கிணறு, மலகூடம், மதில், இப்பொழுது காருக்கு ஒரு கொட்டில். வடகிழக்கு மூலையில் கிணற்றையும் தென்மேற்கு மூலையில் குழியையும் வைத்து வீட்டுக்காரர் ஐம்பது அடியைக் காப்பாற்றிவிடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தென்மேற்கு மூலையில் மதிலுக்கு அப்பால் என்ன இருக்கிறது? அடுத்த வீட்டுக்காரரின் வடகிழக்கு மூலை! வாஸ்து பார்த்து அவரும் அங்கேதான் கிணறு வெட்டியிருக்கிறார். எமது குழிக்கும் எமது கிணற்றுக்கும் ஐம்பது அடி. எமது குழிக்கும் அயலவர் கிணற்றுக்கும் பத்து அடி. பதினாறு பரப்பும் ஒருவர் கையில் இருந்த காலத்தில் பொருந்திய விதி, சீதனத்துக்கும் பங்குக்குமாகத் துண்டு துண்டாகப் போன காணியில் எப்படிப் பொருந்தும்? வேலியில் ஒரு கதியாலைத் தள்ளி நட்டதற்காக நீதிமன்றப் படியேறும் நாம், மதிலுக்கு அடியால் போகும் இந்த எல்லை மீறலுக்கு ஒரு சொல்லும் சொன்னதில்லை.

1854 இல் இலண்டனில் புரோட் வீதிக் கிணற்று நீரைப் பருகி அறுநூறுக்கு மேற்பட்டோர் வாந்திபேதியால் மாண்டார்கள். நோய் நீரிலிருந்தே வந்தது என்று ஜோன் சினோ என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். பின்னர் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தபொழுது, அருகிலிருந்த வீட்டின் மலக்குழி அந்தக் கிணற்றிலிருந்து மூன்றடி தூரங்கூட இல்லை. செங்கல் உக்கி, குழி கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது. அதே இலண்டனில் இன்னொரு பாடமும் உண்டு. 1815 வரை வீட்டுக் கழிவை மழைநீர்ச் சாக்கடைகளில் விடக் கூடாதென்று அங்கே தடை இருந்தது. பிறகு அனுமதித்தார்கள், 1848 அளவில் இணைப்பைக் கட்டாயமாக்கினார்கள். சாக்கடையின் மறுமுனை எங்கே போகிறது என்பதை மட்டும் எண்ணவில்லை. அது குடிநீர் எடுக்கும் தேம்ஸ் நதிக்கே போயிற்று. 1858 கோடையில் எழுந்த நாற்றத்தில் பாராளுமன்றத்துத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் கரைசலில் தோய்த்துத் தொங்கவிட வேண்டி வந்தது. இணைக்கும் விதி இருந்தது. சுத்திகரிக்கும் இடம் இல்லை.

இதை நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. எமது பட்டினத்திலும் மழைநீர் வடிகால்களுக்குள் இரவோடிரவாகக் குழாய் செருகியவர்கள் பலர். பெயர் சொல்லப் போவதில்லை. நடந்து போகும் மூக்குக்குத் தெரியும். அந்த வடிகால் கடைசியில் கடல்நீரேரியில் விழுகிறது. அங்கே எமது கடற்றொழிலாளர் இடுப்பளவு நீரில் நின்று இறால் பிடிக்கிறார்கள். மாரியில் வடிகால் அடைபட்டால் அதே நீர் திரும்பி வீதிக்கும் வீட்டுக்கும் வருகிறது. 2020 டிசம்பரிலும் 2024 நவம்பரிலும் வெள்ளம் புகுந்த வீடுகளில் புகுந்தது மழைநீர் மட்டும் என்று எவராவது நம்பினால் அவர் பாக்கியசாலி.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு யாழ்ப்பாணம் – கிளிநொச்சி நீர்வழங்கல், சுகாதாரத் திட்டம் ஒன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அதன் தொடக்க வரைவில் நகரத்துக்குக் கழிவுநீர்க் குழாயும் இருந்தது. இரணைமடு நீரைப் பகிர்வதா இல்லையா என்ற வழக்கிலே ஆண்டுகள் கழிந்தன. கிளிநொச்சிக் கமக்காரரின் அச்சத்தை நாம் குறை கூறவில்லை. நீர் அவர்களுக்கும் உயிர். இறுதியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் அமைந்து 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. அதன் திறன் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். ஆனால் கழிவுநீர்க் குழாய்ப் பகுதி இடையிலே திட்டத்திலிருந்து கழன்று விழுந்துவிட்டது. இதைப் பற்றி இரணைமடுவுக்கு எழுந்த சத்தத்தில் நூறில் ஒரு பங்கும் எழவில்லை.

வீட்டுக்குள் வரும் நீரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியியலாளர் கணக்கு. துலாவிலும் கப்பியிலும் அள்ளிய காலத்தில் மனிதன் நீரை எண்ணிச் செலவழித்தான்; குழாயைத் திருகினால் எண்ணுவதில்லை. நிலையம் முழுத் திறனுடன் ஓடும் நாளில் ஒன்றேமுக்கால் கோடி லீற்றருக்கு மேலான கழிவுநீர் பழைய குழிகளுக்குள்ளேயே இறங்க வேண்டும். நீரைத் தரும் குழாய் ஒரு கையில், நீரைக் கெடுக்கும் குழி மறு கையில்!

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபொழுது மக்கள் எழுந்தார்கள். வழக்குத் தொடுத்தார்கள், 2019 இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதித்தது. எண்ணெய் மணந்தது, கண்ணுக்குத் தெரிந்தது, குற்றவாளி வேறொருவராக இருந்தார். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. குற்றவாளியும் நாமே. உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றர் நீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்கிறது. வலிகாமத்துக் கிணறுகள் பல இந்த அளவைத் தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதிவருகிறார்கள். தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீரைக் கொதிக்க வைத்தால் நெருப்புக்காய்ச்சல் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் மாப்பால் கரைத்துக் கொடுப்பது தீங்கு; குழந்தையின் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கும்.

இதிலே கமக்காரருக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. செம்பாட்டு மண்ணில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அள்ளி இறைக்கும் யூரியா நீரோடு கீழே இறங்குகிறது. பட்டினத்தார் தோட்டத்தைக் காட்டுகிறார்கள், தோட்டக்காரர் பட்டினத்தைக் காட்டுகிறார்கள். கிணறு இருவரையும் விசாரிப்பதில்லை. தோட்டத்து உரத்தைக் குறைப்பது இன்னொரு நாளைய பேச்சு. அதற்கு விவசாயப் போதனாசிரியர் ஒருவரை அழைப்போம்.

சரி, செய்யக் கூடியது என்ன? குடாநாடு முழுவதற்கும் கழிவுநீர்க் குழாய் வேண்டுமென்று கேட்பது மேடைக்கு அழகு, கைக்கு எட்டாதது. நெருக்கமான நகர மையத்துக்கு அது வேண்டும். அதைத் திரும்பவும் கேட்க வேண்டும், சுத்திகரிப்பு நிலையத்தோடு சேர்த்தே கேட்க வேண்டும். ஏனைய இடங்களுக்கு விதி வேறாக இருக்க வேண்டும். அடி திறந்த குழியைப் புதுக் கட்டடங்களுக்கு அறவே நிறுத்த வேண்டும். அடியும் பக்கமும் கொங்கிறீற்றினால் மூடிய தொட்டி கட்டி, நீர் நிரப்பி ஒரு நாள் விட்டு, மட்டம் இறங்கவில்லை என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கண்ணால் கண்ட பின்னரே மேல்மூடி போட அனுமதிக்க வேண்டும். இன்று நடப்பது என்ன? வரைபடத்தில் தொட்டி, நிலத்தில் குழி, மூடி போட்ட பின் கையொப்பம். தொட்டியிலிருந்து வழியும் தெளிநீரும் நைத்திரசனை ஏந்தியே வருகிறது. அதைக் கல்லுக்குள் இறக்காமல், அடியில் நீர் புகாத உயர்ந்த பாத்தி அமைத்து வாழைக்கும் கல்வாழைக்கும் விட்டால், பெரும்பகுதியை வேர் எடுத்துக்கொள்ளும். முற்றத்து வாழைக்குக் குளித்த நீரை விட்டுப் பழகிய எமக்கு இது புதுமையுமன்று.

தொட்டி நிறைந்தால்? கலிபவுசர் வருகிறது, உறிஞ்சுகிறது, போகிறது. எங்கே போகிறது என்று கேட்டவர் எத்தனை பேர்? கல்லுண்டாய் வெளியிலே பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்டது எமது வீட்டு அழுக்கு. அயலில் வாழும் ஏழைகள் அதைப் பொறுத்தார்கள். ஒரு காலத்தில் பட்டினத்தில் வாளிக் கக்கூசு இருந்தது. விடியுமுன் அந்த வாளியைச் சுமந்தவரைத் தெருவில் கண்டால் ஒதுங்கி நடந்தவர்கள் எமது பாட்டன்மார். வாளி போயிற்று, அழுக்கை வேறொருவர் தலையில் ஏற்றிவிட்டு மறந்துவிடும் பழக்கம் போகவில்லை. கலிபவுசர் கொட்டும் இடத்தில் சுத்திகரிப்பு வேண்டும். அங்கே தொழில் செய்பவருக்குக் கையுறையும் தடுப்பூசியும் நிரந்தர நியமனமும் வேண்டும்.

செலவு யார் தருவது என்ற கேள்வி எழும். ஆதனவரியோடு ஒரு சிறு தொகை சேர்த்து, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை சபையே முறை வைத்துத் தொட்டியை வெறுமையாக்கலாம். வறியவர்களின் பழைய குழியை மாற்றச் சபை கடனாகவேனும் உதவ வேண்டும். வெளிநாட்டுப் பணத்தில் மூன்று மாடி எழுப்பும் அன்பர்கள் உதவி கேட்க மாட்டார்கள் என நம்புகிறோம். பளிங்குத் தரைக்குப் போகும் பணத்தில் பத்தில் ஒன்று தொட்டிக்குப் போதும்.

இவற்றுக்குக் கொழும்பின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டுமா? அதிகாரம் வேண்டும் என்று எழுபது ஆண்டுகளாகக் கேட்கும் இனம் நாம். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2025 வரையும் அதற்குத் தேர்தல் இல்லை. அந்த அநீதியை மறக்கவில்லை. உள்ளூராட்சிச் சபைகளையும் 2023 மார்ச்சிலிருந்து ஈராண்டுக்கு மேல் உத்தியோகத்தர்களே நடத்தினார்கள். ஆனால் 2025 மே 6 ஆம் திகதி நாம் வாக்களித்தோம். சபைகள் திரும்பவும் எமது பிரதிநிதிகளிடம் வந்தன. துணைவிதி ஆக்கும் உரிமையைச் சட்டம் அச்சபைகளுக்குத் தந்திருக்கிறது. மேலே ஒப்புதல் பெறவும் வர்த்தமானியில் வெளியிடவும் வேண்டியிருக்கும்; முதலில் சபையிலே யாராவது ஒருவர் எழுந்து பிரேரிக்க வேண்டுமே! கொடுக்காத அதிகாரத்துக்காகப் போராடுவோர், கொடுத்த அதிகாரத்தை மேசை இழுப்பறையில் பூட்டி வைப்பது முறையா?

ஆகவே தவிசாளருக்கு அனுப்பும் தீர்மானம் ஒன்றை இந்நிலையத்தின் நிருவாகக் குழு வரைந்திருக்கிறது. திறந்த குழிக்குத் தடை, மூடி போடுமுன் பரிசோதனை, வடிகாலில் களவாகச் செருகிய குழாய்களுக்கு ஆறு மாதத் தவணை, வட்டாரத்துக்குப் பத்துக் கிணறுகளின் நீரை ஆண்டுதோறும் சோதித்துச் சபை வாயிலில் முடிவை ஒட்டுதல் ஆகிய நான்கும் அதில் உள. செயலாளர் அதை இப்பொழுது வாசிப்பார். திருத்தம் சொல்ல விரும்புவோர் சொல்லலாம். கையொப்பமிடுவோர் தத்தம் வளவில் கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரத்தையும், அயலவர் குழிக்கு உள்ள தூரத்தையும் அளந்து, பெயருக்கு எதிரே எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். எமது வளவின் அளவை முதலாவதாக எழுதியிருக்கிறோம்: முப்பத்தொரு அடியும், பதினான்கு அடியும்.