வளைந்த பாதம் நேராகும்
(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காசோலைக்கு மூன்று மாதம்தான் கெடு. வங்கியில் இருந்தவன் என்பதால் இந்த உதாரணம். குழந்தை உள்நோக்கி வளைந்த பாதத்தோடு பிறந்தால், அதற்கும் காலம் முக்கியம். முதல் சில வாரங்களிலேயே பொன்செட்டி முறையில் வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் போட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். பிறகு நான்கு வயது வரை இரவில் தனிக் காலணி. பாதியில் விட்டால் மறுபடி வளையும்.

கிரகண தோஷம் என்று சொல்லி நாள் கடத்துகிறார்கள். தோஷமும் இல்லை, தாயின் தவறும் இல்லை. மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் 2013 முதல் இதற்கு இலவச சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனையில் கேட்கச் சொல்லுங்கள்.

நம் செக்யூரிட்டியோ, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவோ இதற்காக வாராவாரம் லீவு கேட்டால், தயவுசெய்து சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.