பொறுப்பறிக்கையும் பதவிக்காலமும்



திருவனந்தபுரத்திற்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள விழிஞ்ஞம் மிகப் பழைய ஊர். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் அதனை வென்றான். அவ்வெற்றியை அவனது பதினேழாம் ஆட்சியாண்டில் எழுந்த சீவரமங்கலச் செப்பேடு புகழ்கிறது. செப்பேட்டைப் படிக்கும் அறிஞர், அரசன் அப்போது தன் ஆட்சியின் எந்த ஆண்டில் இருந்தான் என்று முதலில் பார்ப்பர். கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளையும் அவ்வாறே படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதே விழிஞ்ஞத்தில் இன்று பெரிய துறைமுகம் இயங்குகிறது. கேரள அரசும் அதானி குழுமத்தின் நிறுவனமும் 2015 ஆகஸ்டில் 40 ஆண்டுக் கால ஒப்பந்தம் செய்தன. 2025 மே 2ஆம் நாள் பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இடையே, 2022இல் மீனவர் நூறு நாட்களுக்கு மேல் போராடினர். கடலரிப்புக்குக் கட்டுமானமே காரணம் என்பது அவர்கள் வாதம். நிறுவனம் அதனை மறுத்தது. இத்தகைய ஊரில் ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பைப் பற்றி என்ன எழுதுகிறது என்பது கணக்கருக்கு மட்டும் உரிய செய்தியன்று.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதைப் பற்றி அறிக்கையும் தர வேண்டும். அதே சட்டத்தின் 196ஆம் பிரிவு, நிர்வாக இயக்குநரை ஒரு தடவையில் 5 ஆண்டுகளுக்கு மேல் நியமிக்கலாகாது என்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பவர் குறைவு.

புதிதாகப் பதவியேற்றவருக்குப் பெயர் தேட வேண்டியிருக்கிறது. எனவே அவர் அறிக்கை விரிவாக இருக்கும். ஓய்வை நெருங்கியவரின் நிலை வேறு. இன்று செலவிட்டால் பயன் அடுத்தவர் காலத்தில் அல்லவா தெரியும்? ஆகவே சிலர் கையைச் சுருக்கிக் கொள்வர். வேறு சிலர், போகுமுன் நற்பெயர் நாட்டிச் செல்ல விரும்பி வாரி வழங்குவர். இதை ஆராய்ந்தவர்களின் முடிவுகளும் ஒன்றுபடவில்லை.

அலுவல் காரணமாக ஆண்டறிக்கைகள் பல என் கைக்கு வருகின்றன. மொழிபெயர்ப்பவன் கண்ணுக்கு முதலில் படுவது வினைமுற்று. புதியவர் அறிக்கையில் ‘செய்வோம்’ மிகுதி. விடைபெறுபவர் அறிக்கையில் ‘செய்தோம்’ மிகுதி. ‘செய்யத் தவறினோம்’ என்பதை மொழிபெயர்க்கும் வாய்ப்பு எனக்கு இதுவரை கிட்டவில்லை!

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியை ஜாம்ஷெட்பூரில் வாழும் தமிழன்பர்கள் அறிந்திருக்கக்கூடும். 1904இல் பிறந்த ஜே. ஆர். டி. டாட்டா, எழுபத்தைந்து வயதை ஒட்டிய பருவத்தில், டாட்டா இரும்பு எஃகு நிறுவனத்தின் தலைவராக இருந்தார். தொழிலாளருக்கும் ஊராருக்கும் நிறுவனம் தன் கடமையைச் செய்ததா என்பதைத் தாமே எழுதிக் கொள்ளாமல், வெளியார் குழு ஒன்றைத் தணிக்கை செய்யச் சொன்னார். நீதிபதி எஸ். பி. கோத்வால் தலைமையில், பேராசிரியர்கள் ரஜினி கோத்தாரியும் பி. ஜி. மாவ்லங்கரும் அதில் இருந்தனர். அறிக்கை 1980இல் வந்தது. டாட்டா அப்பதவியை விட்டது 1984இல். புகழாசை அவருக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுதுகோலைப் பிறர் கையில் கொடுத்தார். சட்டம் அவ்வழிக்கு வந்தது 2021இல். அவ்வாண்டின் விதிப்படி, சராசரியாக 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் செலவிடக் கடமைப்பட்ட நிறுவனங்கள், 1 கோடியும் அதற்கு மேலும் ஆன திட்டங்களின் விளைவைத் தன்னுரிமையுள்ள வெளியமைப்பைக் கொண்டு மதிப்பிட வேண்டும்.

விழிஞ்ஞ ஒப்பந்தத்துக்கு ஆயுள் 40 ஆண்டு. ஒரு நியமனத்துக்கு 5 ஆண்டு. மறுநியமனம் இல்லையென்று கொண்டால், எண்மர் மாறி மாறிக் கையொப்பமிடுவர். எண்மருக்கும் கரை ஒன்றே. அடுத்த அறிக்கை தங்கள் கைக்குக் கிடைத்தால், குழந்தைகளும் மரக்கன்றுகளும் உள்ள வண்ணப் படங்களைத் தாண்டி, இயக்குநர் பட்டியலைப் பாருங்கள். பதவியேற்ற நாளும் பதவிக்காலமும் பெரும்பாலும் அங்கேயே சிறிய எழுத்தில் இருக்கும்.