ஒரே ஓர் எழுத்து மாறினால்



நீலகிரி மலைப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்த லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள், அதில் அரிவாள் அணுத் தன்மை இருப்பதை 1952-ல் உலகுக்குச் சொன்னார்கள்.

ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதுதான் இதற்குக் காரணம். ஆக்சிஜன் குறையும்போது, வட்டமான சிவப்பணு அரிவாள்போல் வளைந்து விறைத்துவிடும். மெல்லிய ரத்தக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். கை, கால், மூட்டு எல்லாம் தாங்க முடியாத வலி, கூடவே ரத்தசோகை.

ஆனால், அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்த மாற்றம் வந்தால்தான் இந்தத் துன்பம். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லை. சொல்லப்போனால், அது கடுமையான மலேரியாவிலிருந்து காக்கிறது. மலேரியா மிகுந்த பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக இது நிலைத்திருப்பது அதனால்தான்.

கணவன், மனைவி இருவரிடமும் இந்த மாற்றம் ஒவ்வொன்று இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த குழந்தை தப்பிவிடும் என்று கணக்குப் போட முடியாது.

இது ஒரே மரபணுவின் கதை. சர்க்கரை நோயில் கதை வேறு. அங்கே பல மரபணு மாற்றங்கள் சிறிது சிறிதாகச் சேர்கின்றன. உணவுக்கும் உழைப்புக்கும் கூடவே பங்கு உண்டு.

அரிவாள் அணு நோயை ஒழிக்கும் தேசியத் திட்டம் 2023-ல் தொடங்கியது. இந்த நோய் உள்ள குடும்பங்களில், கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பிறக்கப்போகும் பிள்ளைக்குச் செய்யும் முதல் கடமை அது.